பட்டை சின்னதா, கை பெரியதா?

பிரஷர் பார்க்க உட்கார்கிறோம். கையில் சுற்றிய பட்டை ஒட்டாமல் படக்கென்று பிரிகிறது. பார்ப்பவர் இன்னொரு தடவை இழுத்துச் சுற்றிவிட்டு, "கை ரொம்பப் பெரிசா இருக்கு" என்கிறார். பட்டை சின்னதாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும் அதே விஷயம்தான். ஆனால் அப்படிச் சொல்பவர்கள் மிகக் குறைவு.

அளவுப் பாகுபாடு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன். கேலி, பட்டப்பெயர், உறவினர்களின் அறிவுரை எல்லாம் அதில் அடக்கம். அவை வலிக்கும். ஆனால் அதைவிடப் பெரிய பங்கு சத்தமில்லாமல் நடக்கிறது. நாற்காலி, ஊசி, கட்டில், சீருடை, மருந்தின் அளவு என எல்லாவற்றையும் ஒரு பருமன் வரை மட்டும் கணக்கிட்டுச் செய்துவிட்டு, அதில் அடங்காதவரைப் பார்த்து "நீதான் தப்பு" என்று சொல்கிறோம். பருமன் ஏற்பு இயக்கம் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவருவது இதைத்தான்: இருக்கிற உடம்புக்கு ஏற்ற அளவைக் கொடுங்கள், இப்போதே கொடுங்கள்.

முதலில் அந்தப் பட்டையை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது உயிரோடு தொடர்புடையது. தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை எலும்புக்கும் நடுவில், கையைத் தளரத் தொங்கவிட்டு டேப்பால் சுற்றளவு எடுங்கள். 22 முதல் 26 செ.மீ. என்றால் சிறிய பட்டை. 27 முதல் 34 வரை சாதாரணப் பட்டை. 35 முதல் 44 வரை பெரியது. 45 முதல் 52 வரை மிகப் பெரியது. பட்டைக்குள் காற்று நிரம்புகிற பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும். அது குட்டையாக இருந்தால் அழுத்தம் உள்ளே இருக்கிற இரத்தக் குழாய் வரை சரியாகப் போய்ச் சேராது. குழாயை மூடுவதற்குக் கருவி கூடுதலாகக் காற்றடிக்கும், அந்தக் கூடுதலையும் சேர்த்தே திரையில் காட்டும். 2023ல் வெளியான ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றியபோது மேல் எண் சராசரியாக 19.5 புள்ளி கூடுதலாக வந்தது. 125 இருக்க வேண்டிய இடத்தில் 144. அந்த எண்ணை நம்பி மாத்திரை எழுதினால், இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட நேரும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழக்கூடும்.

அதனால் கையின் சுற்றளவைத் தெரிந்து வைத்துக்கொண்டு, பட்டையை எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "என் கை 46 செ.மீ., அதற்கான பட்டை வேண்டும்." வீட்டுக்குக் கருவி வாங்கினால் பெட்டியில் 22–32, 22–42 என்று அச்சிட்டிருப்பார்கள். அது கையின் சுற்றளவு. பட்டையிலேயே ஒரு கோடும் அந்தக் கோடு விழ வேண்டிய எல்லையும் இருக்கும். எல்லையைத் தாண்டி விழுந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். தோள் பக்கம் பருத்து முழங்கைப் பக்கம் ஒடுங்கிய கையில் நேரான பட்டை கீழே தொளதொளவென்று நிற்கும், காற்றடித்தால் நழுவும். அதற்குக் கூம்பு வடிவப் பட்டை உண்டு. எதுவுமே பொருந்தவில்லை என்றால் முன்கையில் சுற்றி, முன்கையை நெஞ்சின் உயரத்துக்குத் தாங்கி வைத்துப் பார்க்கலாம். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் "முன்கை" என்று எழுதச் சொல்ல வேண்டும். மேற்கையில் எடுக்கிற எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்காது.

இயக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1967 ஜூனில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஏறத்தாழ 500 பேர் கூடினார்கள். வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் போஸ்ட் கூட்டிய கூட்டம் அது. பதாகைகள் பிடித்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், டயட் புத்தகங்களையும் ட்விக்கி என்ற ஒல்லியான மாடலின் படத்தையும் எரித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் லூ லவுடர்பேக் என்பவர் பெரிய பத்திரிகை ஒன்றில், குண்டானவர்களை நடத்துகிற விதத்தைக் கேள்வி கேட்டுக் கட்டுரை எழுதினார். அதைப் படித்த பில் ஃபேப்ரி என்ற பொறியாளர், தன் மனைவி படுகிற அவமானங்களைப் பார்த்துப் பொறுக்காமல் இருந்தவர், 1969ல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 'நாஃபா' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது. தொடங்கும்போது பெயரிலேயே "குண்டான அமெரிக்கர்களுக்கு உதவ" என்று இருந்தது. பின்னால் "குண்டானவர்களை ஏற்பதை முன்னெடுக்க" என்று மாற்றினார்கள். உதவி கேட்பதிலிருந்து உரிமை கேட்பதற்கு வந்த தூரம் அந்தப் பெயர் மாற்றத்திலேயே தெரிகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்கள் சிலர் இன்னும் கூர்மையாகப் பேசினார்கள். ஃபேட் அண்டர்கிரவுண்ட் என்பது அவர்களுடைய குழுவின் பெயர். ஜூடி ஃப்ரீஸ்பிரிட்டும் ஆல்டெபரான் என்ற பெயரில் எழுதியவரும் 1973 நவம்பரில் ஓர் அறிக்கை எழுதினார்கள். மரியாதை முழுமையாக வேண்டும், எடை குறைப்பு வியாபாரம் பொய் வாக்குறுதி விற்கிறது, எங்கள் போராட்டம் மற்ற ஒடுக்கப்பட்டவர்களின் போராட்டத்தோடு சேர்ந்தது என்பதே அதன் சாரம். மருத்துவ நூலகத்தில் உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தாங்களே படித்து, "டயட் பலருக்கு நிலைப்பதில்லை என்று உங்கள் ஆய்வே சொல்கிறது" என்று மருத்துவர்களிடம் வாதிட்டவர்கள் அவர்கள். இன்று சமூக ஊடகங்களில் ஓடுகிற 'பாடி பாசிட்டிவிட்டி' இந்த மரத்தில் முளைத்த கிளைதான். ஆனால் அது "கண்ணாடியைப் பார்த்து உங்களை நேசியுங்கள்" என்பதோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. உங்களை நீங்கள் எவ்வளவு நேசித்தாலும் ஸ்கேன் மேசை அகலமாகிவிடாது.

சொல்லைப் பற்றிக் கொஞ்சம். ஆங்கிலத்தில் இந்த இயக்கத்தினர் 'ஃபேட்' என்ற சொல்லை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார்கள். உயரம், கறுப்பு, சிவப்பு என்பது போல அதுவும் ஒரு வர்ணனை, அவ்வளவுதான் என்றார்கள். தமிழில் 'குண்டு' என்பது இன்னும் வசவாகத்தான் கேட்கிறது. அதனால் "பூசினாற்போல", "நல்ல உடம்பு", "கொஞ்சம் வெயிட்டு" என்று சுற்றி வளைக்கிறோம். அந்தச் சுற்றலே இது சொல்லக்கூடாத ஒன்று என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. நான் இங்கே குண்டு என்றே எழுதுகிறேன். ஆனால் ஒருவரை நேரில் எப்படிக் குறிப்பிடுவது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். அவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அதையே சொல்லுங்கள். எடையைப் பற்றிப் பேசத் தேவையே இல்லாத இடத்தில், பெரும்பாலும் தேவை இருக்காது, எந்தச் சொல்லும் வேண்டாம்.

மருத்துவமனையில்தான் பாகுபாட்டின் விலை மிக அதிகம். முழங்கால் வலி, தலைவலி, மூச்சு வாங்குவது, மாதவிடாய் சீர்கேடு என எதற்குப் போனாலும் "முதல்ல எடையைக் குறைங்க" என்று திருப்பி அனுப்பப்படுவது உலகம் முழுவதும் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. இதனால் இரண்டு வகையில் கெடுதல். ஒன்று, பரிசோதனை செய்யாததால் உண்மையான நோய் தப்பிவிடுகிறது. இன்னொன்று, அவமானத்துக்குப் பயந்து அடுத்த தடவை அவர் போவதே இல்லை, முற்றிய பிறகுதான் போகிறார். இதன் மறுபக்கத்தைப் பலரும் கவனிப்பதில்லை: குண்டான ஒருவர் காரணமில்லாமல் பத்துக் கிலோ இளைத்தால் எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஒல்லியானவருக்கு அப்படி நடந்தால் உடனே புற்றுநோயா, தைராய்டா, சர்க்கரையா என்று தேடுவார்கள். முயற்சி செய்யாமல் எடை இறங்கினால், எந்த உடம்பாக இருந்தாலும், அது அறிகுறி.

மருத்துவரிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. சண்டைபோடாமலே வேலை செய்யும்: "இதே வலியோடு ஒல்லியான ஒருவர் வந்தால் என்ன பரிசோதனை எழுதுவீர்கள்? எனக்கும் அதை எழுதுங்கள்." மறுத்தால் அடுத்தது: "இந்தப் பரிசோதனை தேவையில்லை என்று முடிவெடுத்ததையும் காரணத்தையும் என் குறிப்பில் எழுதிவிடுங்கள்." எழுத வேண்டும் என்றதும் பலர் மறுபடி யோசிப்பார்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். அவர் பேச வேண்டியதில்லை, உட்கார்ந்து எழுதிக்கொண்டாலே போதும். போவதற்கு முன் ஒரு தாளில் அறிகுறி தொடங்கிய தேதி, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, எடை மாறுவதற்கு முன்பும் இருந்ததா என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் குறிப்பு முக்கியம். எடையைக் காரணம் காட்டுகிற வாதம் பெரும்பாலும் அங்கேதான் உடையும்.

எடை பார்ப்பதை மறுக்கலாமா? பல வருகைகளில் அதற்குத் தேவையே இல்லை, காதுவலிக்கு எடை எதற்கு? "இன்றைய சிகிச்சைக்கு எடை அவசியமா?" என்று கேட்கலாம். ஆனால் உண்மையிலேயே தேவைப்படுகிற நேரங்கள் உண்டு: மயக்க மருந்து, எடையைப் பொறுத்து அளவு மாறுகிற மருந்து, இதய, சிறுநீரக நோயில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பது, கர்ப்பகாலம். அப்போது தராசில் முதுகைக் காட்டி ஏறி, எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று கேளுங்கள். மருத்துவமனை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தராசு 300 கிலோ வரையாவது காட்ட வேண்டும், மேடை அகலமாகவும் கைப்பிடியோடும் இருக்க வேண்டும், நடைபாதையில் இல்லாமல் மறைவான இடத்தில் இருக்க வேண்டும். வீட்டுத் தராசு மாதிரி 150 கிலோவில் நின்றுவிடுகிற கருவியை வைத்துக்கொண்டு, அதைத் தாண்டியவரைச் சரக்கு நிறுக்கிற இடத்துக்கு அனுப்புவதைவிடக் கொடுமை வேறில்லை.

மருந்தின் அளவிலும் இதே கதை. அறுவை சிகிச்சைக்கு முன் தொற்று வராமல் இருக்கப் போடுகிற செஃபாசோலின் பெரியவர்களுக்கு வழக்கமாக 2 கிராம். 120 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 3 கிராம் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். புற்றுநோய் மருந்தில் இன்னும் மோசம்: "இவ்வளவு பெரிய அளவா" என்று தயங்கி, உண்மையான எடைக்குக் கணக்கிடாமல் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 2012ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம், குணப்படுத்துவது நோக்கமாக இருக்கும்போது முழு எடைக்கான முழு அளவையே கொடுக்க வேண்டும் என்று எழுதி வெளியிட வேண்டியிருந்தது. தடுப்பூசியில் ஊசியின் நீளம்: தோள்பட்டைத் தசையில் போடும்போது பெரும்பாலானவர்களுக்கு 25 மி.மீ. ஊசி போதும். 90 கிலோவுக்கு மேற்பட்ட பெண்ணுக்கும் 118 கிலோவுக்கு மேற்பட்ட ஆணுக்கும் 38 மி.மீ. வேண்டும். குட்டை ஊசி கொழுப்புத் திசுவிலேயே நின்றுவிடும். ஹெபடைட்டிஸ் பி போன்ற தடுப்பூசிகள் தசைக்குப் போகாவிட்டால் எதிர்ப்புச் சக்தி குறைவாகத்தான் உருவாகும். பிறகு "குண்டானவர்களுக்குத் தடுப்பூசி சரியா பிடிக்காது" என்று உடம்பின் மேல் பழி விழும்.

ஸ்கேனுக்கு முன்பதிவு செய்யும்போது இரண்டு எண்களைக் கேளுங்கள்: மேசை எத்தனை கிலோ தாங்கும், துளையின் விட்டம் எவ்வளவு. பழைய எம்.ஆர்.ஐ. கருவிகளில் துளை 60 செ.மீ., அகலமானவற்றில் 70. எடை எல்லைக்குள் இருந்தும் தோளோ இடுப்போ நுழையாமல் போகலாம். ஆகவே படுத்த நிலையில், கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, மிக அகலமான இடத்தை அளந்துகொண்டு போங்கள். அங்கே போய் நுழையாமல் திரும்பி வருகிற அலைச்சலை இந்த ஓர் அளவு மிச்சப்படுத்தும்.

பி.எம்.ஐ. பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கிலோவை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிற இந்தக் கணக்கை 1830களில் யோசித்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கேத்லே. அவர் மருத்துவர் அல்ல, வானியலும் புள்ளியியலும் படித்தவர். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடினார். ஒரு தனி ஆளின் உடல்நலத்தைச் சொல்ல அவர் அதைச் செய்யவில்லை. 1972ல் ஆன்செல் கீஸ் குழுவினர்தான் அதற்குப் பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தார்கள். எல்லைக் கோடுகள் எப்படி நகர்கின்றன என்பதற்கு ஒரு கணக்கு: 170 செ.மீ. உயரமும் 76 கிலோவும் உள்ள ஓர் ஆணுக்குப் பி.எம்.ஐ. 26.3. அமெரிக்காவில் 1998க்கு முன் ஆண்களுக்கு எல்லை 27.8, ஆகவே அவர் சரியான எடை. 1998 ஜூனில் எல்லையை 25க்கு இறக்கினார்கள். ஒரு கிராம் கூடக் கூடாமல் அவர் 'அதிக எடை' ஆகிவிட்டார். கோட்டை நகர்த்தியதற்கு அவர்களிடம் காரணங்கள் இருந்தன. ஆனால் அது மனிதர்கள் போட்ட கோடு, உடம்பில் இருக்கிற கோடு இல்லை. 2023ல் அமெரிக்க மருத்துவச் சங்கமே பி.எம்.ஐ.யைத் தனியாக வைத்து முடிவெடுக்க வேண்டாம், மற்ற அளவுகளோடு சேர்த்துப் பாருங்கள் என்று கொள்கை வகுத்தது. அப்படியிருந்தும் மூட்டு மாற்று அறுவைக்குப் பல இடங்களில் 40 என்ற எண்ணைத் தாழ்ப்பாளாகப் போட்டிருக்கிறார்கள். நடக்க முடியாதவரிடம், நடந்து எடையைக் குறைத்துவிட்டு வா என்கிறார்கள்.

இங்கே ஓர் எதிர்ப்பு வரும், நியாயமாகவே வரும்: பருமனுக்கும் சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சடைப்பு, மூட்டுத் தேய்மானம் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருக்கிறதே? இருக்கிறது. அதை மறுத்துப் பேசுகிறவர்கள் இயக்கத்துக்குள்ளும் உண்டு, அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இயக்கத்தின் மையக் கோரிக்கை அந்த விவாதத்தை நம்பி நிற்கவில்லை. நோயாளிக்கும் சரியான பட்டை வேண்டும். நோயாளிக்குத்தான் முதலில் வேண்டும். அவமானப்படுத்தினால் இளைப்பார்கள் என்ற நம்பிக்கையும் தவறு. 2013ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஆயிரக்கணக்கானவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. தொடக்கத்தில் பருமன் எல்லைக்குள் வராதவர்களில், எடைக்காகப் பாகுபாடு காட்டப்பட்டவர்கள் பின்னர் அந்த எல்லைக்குள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு இருந்தது.

எடையைக் குறைக்க இப்போது வந்திருக்கிற ஊசி மருந்துகளைக் காட்டி, "இனி இந்த இயக்கம் எதற்கு?" என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். செமாகுளுடைட் மருந்தின் பெரிய சோதனையில் 68 வாரங்களில் சராசரியாக ஏறத்தாழ 15 சதவீத எடை குறைந்தது. 150 கிலோ உள்ள ஒருவர் 127 கிலோவுக்கு வருவார். அவருக்கு அப்போதும் பெரிய பட்டை வேண்டும், அகல நாற்காலி வேண்டும், நீண்ட ஊசி வேண்டும். மருந்தை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள் என்பதும் அதே ஆய்வின் தொடர்ச்சியில் தெரிந்தது. மருந்து எடுத்துக்கொள்வதும் எடுக்காததும் அவரவர் முடிவு. எடுப்பவரைத் துரோகி என்று இயக்கத்தினர் சிலர் ஏசுவது எனக்கு மனவருத்தம் தருகிறது.

நாற்காலிக்கு வருவோம். அலுவலக நாற்காலிக்கான அமெரிக்கத் தர விதியில் வழக்கமான சோதனை சுமார் 125 கிலோ ஆளை மனதில் வைத்தது. அதற்கு மேல் 181 கிலோ வரைக்கான தனி விதியும் இருக்கிறது. வாங்கும்போது அந்த எண்ணை எழுத்தில் கேளுங்கள். எடையைத் தாங்கினாலும் கைப்பிடிகளுக்கு நடுவே இடம் போதாமல் இருக்கும். 45 முதல் 50 செ.மீ. உள்ள நாற்காலியில் பலருக்குத் தொடையில் தழும்பு விழும், எழும்போது நாற்காலியும் கூடவே எழும். உட்கார்ந்தால் இடுப்பு விரியும் என்பதால் நின்றுகொண்டு எடுத்த அளவு உதவாது. உட்கார்ந்த நிலையில் அளந்து, ஒரு கை அகலம் சேர்த்துக்கொள்ள வேண்டும். 60 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் பெரும்பாலோருக்கு நிம்மதி. கைப்பிடியே இல்லாவிட்டால் இன்னும் நல்லது. ஆனால் மூட்டுவலி உள்ளவருக்கு எழுந்திருக்கக் கைப்பிடி வேண்டும். அதனால் இரண்டும் கலந்து போட வேண்டும். ஐந்தில் ஒன்றாவது கைப்பிடி இல்லாததாக இருக்கட்டும். அவற்றை ஓரத்தில் தனியாக வைக்காமல் மற்றவற்றின் நடுவே, அதே நிறத்தில், அதே மாதிரியில் வையுங்கள். மூலையில் ஒரே ஒரு பெரிய நாற்காலி இருந்தால் அதில் உட்காரவே கூசும்.

ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நாற்காலி உடைவது பெரும்பாலும் பின்கால்களில். வழுவழுப்பான தரையில் கால்கள் வெளிப்பக்கம் விரிகின்றன, சாய்ந்ததும் முறிகிறது. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக்குக்கு முன்பிருந்த பலம் இருக்காது. சாக்கட்டிபோல வெளுத்த பகுதியோ மயிரிழை விரிசலோ தெரிந்தால் யாரையும் அதில் உட்கார வைக்காதீர்கள். மேசையோடு சேர்த்துத் தரையில் பொருத்திய இருக்கைகள் இன்னொரு தொல்லை: நாற்காலியைப் பின்னுக்குத் தள்ள முடியாது, வயிறு மேசையில் இடிக்கும். உணவகத்தில் குறைந்தபட்சம் சில மேசைகளாவது நகர்த்தக்கூடிய நாற்காலியோடு இருக்க வேண்டும். கழிவறையில் சுவரில் தொங்குகிற கோப்பையைப் பார்த்தாலே பலர் பயப்படுகிறார்கள். சரியாகப் பொருத்தியது நன்றாகவே தாங்கும், ஆனால் அது பார்ப்பவருக்குத் தெரியாது. தரையில் நிற்கிற கோப்பை அந்தப் பயத்தையும் போக்கிவிடும்.

விமானத்தில் சாதாரண வகுப்பு இருக்கை 43 முதல் 46 செ.மீ. அகலம். முதல் வரிசையிலும் சில அவசர வழி வரிசைகளிலும் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடி மேலே தூக்காது, இருக்கையும் ஒடுங்கியிருக்கும். கால் நீட்ட இடம் என்று அவற்றைக் காசு கொடுத்து வாங்கி ஏமாறாதீர்கள். நடைபாதைப் பக்கக் கைப்பிடி தூக்காது என்று பலர் நினைக்கிறார்கள். பல விமானங்களில் அதன் அடியில், கீலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விசை மறைந்திருக்கும், அதை அழுத்தினால் எழும். பெல்ட் எட்டவில்லை என்றால் நீட்டிப்பு பெல்ட்டை ஏறும்போதே வாசலில் நிற்கிற பணிப்பெண்ணிடம் மெதுவாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சொந்தமாக வாங்கி எடுத்துப் போவதைப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. கனடாவில் இதற்கு வழக்கு நடந்து, பருமனால் இயங்க முடியாதவர் என்று அங்கீகரிக்கப்பட்டவருக்கு உள்நாட்டுப் பயணத்தில் இரண்டாவது இருக்கைக்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2008ல் தீர்ப்பானது. 'ஓர் ஆள், ஒரு கட்டணம்' என்ற அந்த விதி 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

உடை பற்றி ஒரே ஒரு விஷயம். பெரிய அளவு என்று விற்பவை ஏன் பொருந்துவதில்லை? சின்ன அளவில் ஒரு வெட்டுப் படிவம் வரைந்து, அளவு கூடக் கூட எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெருக்கிவிடுகிறார்கள். தோள் எலும்பு அப்படி வளர்வதில்லை. அதனால் கழுத்து தோளிலிருந்து வழிகிறது, மேற்கையோ இறுக்குகிறது. பெரிய உடம்பிலேயே அளவெடுத்துப் புதிய படிவம் வெட்டினால்தான் சரியாகும். வேலைப் பாதுகாப்புச் சாதனங்களில் இது அழகுப் பிரச்சினை இல்லை. உயரத்தில் கட்டிக்கொள்கிற பாதுகாப்புக் கச்சைகளில் பல, கருவிகளையும் சேர்த்து 140 கிலோ வரைதான் சான்று பெற்றவை. அதற்கு மேற்பட்ட ஆளுக்கு அதற்கென்று சான்று பெற்ற கச்சையை வாங்கித் தருவது முதலாளியின் பொறுப்பு.

சட்டம் என்று பார்த்தால் உலகில் வெகு சில இடங்களில்தான் எடை பற்றி நேரடியாக எழுதியிருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1976லேயே உயரத்தையும் எடையையும் தன் குடிமை உரிமைகள் சட்டத்தில் சேர்த்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1999ல் ஓர் உடற்பயிற்சிக் கூடம், வேற்றுக்கிரகவாசிகள் வந்தால் குண்டானவர்களைத்தான் முதலில் தின்பார்கள் என்று விளம்பரப் பலகை வைத்தது. அதை எதிர்த்து வீதியில் நின்றவர்களின் முயற்சியில் 2000ல் நகரச் சட்டம் வந்தது. நியூயார்க் நகரச் சட்டத்தில் மேயர் 2023 மே மாதம் கையெழுத்திட்டார், நவம்பர் 22 முதல் நடைமுறை. வேலை, வாடகை வீடு, பொது இடங்கள் மூன்றையும் அது தொடுகிறது.

மற்ற இடங்களில் வழக்குப் போடுகிறவர்கள் ஊனமுற்றோர் சட்டத்தின் வழியாகத்தான் நுழைய வேண்டியிருக்கிறது. அந்த வழி திறக்கவே திறக்காது என்று சொல்ல மாட்டேன். 1993ல் போனி குக் என்ற பெண், எடையைக் காட்டி வேலை மறுத்த ரோட் ஐலண்ட் மாநில அரசை வென்றார். ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பரில், டென்மார்க்கில் குழந்தைப் பராமரிப்பாளராக இருந்த கார்ஸ்டன் கால்டாஃப்ட் வழக்கில், பருமன் தன்னளவில் பாதுகாக்கப்பட்ட காரணம் அல்ல, ஆனால் அது நீண்ட காலம் வேலைக்குத் தடையாக இருந்தால் ஊனமாகக் கருதலாம் என்றது. இதில் உள்ள சிக்கலைப் பாருங்கள். "என்னால் இந்த வேலையை நன்றாகச் செய்ய முடியும்" என்பவருக்குத்தான் வேலை மறுக்கப்படுகிறது. சட்டத்தின் கதவைத் தட்ட வேண்டுமென்றால் அவர் "எனக்கு இயலாமை இருக்கிறது" என்று நிரூபிக்க வேண்டும். எடையைச் சட்டத்தில் தனிச் சொல்லாக எழுதச் சொல்லி இயக்கம் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்பதற்கு இதுவே காரணம்.

வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் புகைப்படம் கேட்பதை நிறுத்துங்கள். "நல்ல உடல்தகுதி", "எடுப்பான தோற்றம்" என்று எழுதாமல், வேலை என்ன கேட்கிறதோ அதை எழுதுங்கள்: "20 கிலோ பெட்டியைப் பத்து மீட்டர் தூக்கிச் செல்ல வேண்டும், ஒரு நாளைக்கு முப்பது முறை." அதைச் செய்ய முடியுமா என்று சோதித்துப் பாருங்கள். நேர்முகத் தேர்வு அறையின் நாற்காலியை முன்கூட்டியே பாருங்கள். உள்ளே நுழைந்ததும் நாற்காலியோடு போராட வைத்துவிட்டு, அவருக்குத் தன்னம்பிக்கை போதவில்லை என்று குறிப்பெழுதாதீர்கள். செய்தி எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: பருமன் பற்றிய செய்திக்கு, வீதியில் போகிறவரின் வயிற்றை மட்டும் எடுத்துத் தலையை வெட்டிப் போடுகிற படங்களை விட்டுவிடுங்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த செயற்பாட்டாளர் சார்லட் கூப்பர் 2007லேயே அதைச் சுட்டிக்காட்டிப் பெயரும் வைத்தார். முகமில்லாத உடம்பு பேசாது. பேச விடாமல் இருப்பதற்குத்தான் அந்தப் படம் உதவுகிறது.

கூட்டமோ விழாவோ நடத்துகிறீர்கள் என்றால், அழைப்பின் அடியில் இப்படி எழுதுங்கள்: "கைப்பிடி இல்லாத, 200 கிலோ தாங்கும் நாற்காலிகள் எல்லா வரிசையிலும் உள்ளன. வாசலிலிருந்து அரங்குக்கு 80 மீட்டர், நடுவில் உட்கார இரண்டு இடங்கள் உண்டு. லிஃப்ட் இருக்கிறது." எழுதுவதற்கு முன் நாற்காலியின் அடியில் ஒட்டிய சீட்டைப் படித்து, வழியை நடந்து அளந்துவிடுங்கள். வரலாமா வேண்டாமா என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிற ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கிளம்பி வருவார்.